2020-க்குப் பிறகு ரிலீஸே வராத டிரைவரை நம்பலாமா?

மருந்துக் கடைகளுக்கும் சின்ன கிளினிக்குகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். மொத்தம் மூன்று டெவலப்பர்கள். கோட் 2017-ல் எழுதப்பட்டது, எழுதியவர் இப்போது அங்கே இல்லை. நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சர்வரில் ஓட்டும் ரன்டைம்) ஓடும் அந்த மென்பொருள், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேசுவதற்கு, நோட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் 'மைஎஸ்கியூஎல்' என்ற அதே பெயரில் இருக்கும் பழைய ஓப்பன் சோர்ஸ் டிரைவரைப் பயன்படுத்துகிறது. அதன் கடைசி வெர்ஷன் 2.18.1, வந்தது 2020 ஜனவரியில். ஹோஸ்டிங் தருபவர்கள் மைஎஸ்கியூஎல் சர்வரை 8.0-விலிருந்து 8.4-க்கு மாற்றப்போவதாகச் சொன்னதும் வாசகர் சோதனைக்கென்று ஒரு ஸ்டேஜிங் சர்வர் போட்டு, புது யூசர் உருவாக்கிச் சோதித்திருக்கிறார். சர்வர் கேட்கும் லாகின் முறையை இந்த கிளையன்ட் ஆதரிக்கவில்லை என்று எரர் வந்து, கனெக்‌ஷனே கிடைக்கவில்லை. கூட வேலை செய்பவர் சர்வர் செட்டிங்கில் பழைய 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' முறையை ஆன் செய்து, யூசரையும் அந்த முறைக்கு மாற்றியதும் எல்லாம் ஓடியது.

அதற்கப்புறம்தான் வாக்குவாதம் தொடங்கியிருக்கிறது. ஆறு வருடமாக ரிலீஸ் இல்லை, இது செத்துப்போன பேக்கேஜ், 'மைஎஸ்கியூஎல்2' என்ற டிரைவருக்கு மாறிவிடலாம் என்பது வாசகரின் கட்சி. வாரத்துக்கு லட்சக்கணக்கில் டவுன்லோட் ஆகிறது, தெரிந்த ஓட்டைகளைத் தேடும் என்பிஎம் ஆடிட் கருவியை ஓட்டினால் பூஜ்யம் காட்டுகிறது, நீங்கள் சொல்லும் மைஎஸ்கியூஎல்2-வில்தான் 2024-ல் பெரிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன, எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள் என்பது கூட இருப்பவரின் கட்சி. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தணும் என்கிறார் முதலாளி. மூன்றாமவர், நாமே ஃபோர்க் செய்து, அதாவது அந்தக் கோடை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அந்த லாகின் முறையை மட்டும் சேர்த்துக்கொள்ளலாமே என்கிறார். வாசகர் பழைய டிரைவரின் கோட் இருக்கும் பொதுத் தளத்தில் (ரெப்போ) போய்க் கொஞ்சம் கோபமாகவே ஒரு கேள்வி எழுதிவிட்டு வந்திருக்கிறார்; நான்கு மாதமாகப் பதில் இல்லை. அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை கிடையாதா, நாளை டேட்டா கசிந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: ராத்திரி ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் ஒன்று தனியாக ஓடுகிறது, அதையும் பார்க்க வேண்டும். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் முதலில். மாறுங்கள். நீங்கள் எடுத்திருக்கும் முடிவு சரி, ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் பலவீனமானது, அதனால்தான் உங்களால் முதலாளியை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசி ரிலீஸ் தேதி என்ன சொல்கிறது?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் சொல்கிறது. ஒரு எழுத்துச்சரத்தின் இடதுபக்கம் பூஜ்யம் சேர்க்கும் சின்ன ஃபங்ஷனைப் பத்து வருடம் யாரும் தொடாமல் இருக்கலாம், அதில் தொடுவதற்கு ஒன்றுமில்லை, முடிந்த வேலை அது. டேட்டாபேஸ் டிரைவரின் நிலைமை வேறு. ஒரு பக்கம் சர்வர், மறுபக்கம் நோட் போன்ற ரன்டைம், இரண்டும் தனித்தனி நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கும், நடுவில் நின்று இரண்டுக்கும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறது டிரைவர். ஆகவே நான் எப்போதும் பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான்: இரண்டில் ஏதாவது ஒரு பக்கம் பெரிதாக மாறியபோது, டிரைவர் கூடவே மாறியதா?

இந்தக் கேள்வியை உங்கள் டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0 அதிகாரபூர்வமாக வந்தது 2018 ஏப்ரலில். அதோடு இயல்பான லாகின் முறை 'கேச்சிங் ஷா2 பாஸ்வேர்ட்' என்று மாறியது. அதற்குப் பிறகும் உங்கள் டிரைவருக்கு ரிலீஸ்கள் வந்தன, 2019-ல் வந்தது, 2020 ஜனவரியில் இரண்டு வந்தன. ஒன்றில்கூட இந்தப் புது லாகின் முறை சேரவில்லை. அதாவது தேதியைப் பார்த்து 2020 வரை நன்றாகத்தான் இருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், உண்மையில் சர்வரோடு நடைபோடுவதை அது 2018-லேயே விட்டுவிட்டது. ரிலீஸ் வந்துகொண்டிருந்த காலத்திலேயே பின்தங்கிவிட்டது. முதலாளியிடம் சொல்ல வேண்டியது இதைத்தான். 'ஆறு வருடமாக அப்டேட் இல்லை' என்றால், 'அப்போ எந்தக் கோளாறும் இல்லைன்னு அர்த்தம்' என்று அவர் திருப்பிச் சொல்லிவிடலாம். 'சர்வரின் இயல்பான லாகினையே 2018 முதல் இதனால் செய்ய முடியவில்லை' என்றால் அப்படித் திருப்ப முடியாது.

நோட் பக்கம் உங்களுக்கு ஒன்றும் உடையவில்லை என்பதும் ஏமாற்றும். நோட் 12-லிருந்து 20 வரை வந்தோம், எந்தச் சிக்கலும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டிரைவர் முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது, கம்பைல் செய்ய எதுவும் இல்லை, நேரடியாகச் சார்ந்திருப்பதும் நான்கே நான்கு பேக்கேஜ்களை. அதனால் அந்தப் பக்கம் தாங்கிவிட்டது. சர்வர் பக்கம்தான் தாங்கவில்லை.

பழையது எல்லாம் கைவிடப்பட்டது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பைத்தானில் போஸ்ட்கிரெஸ்ஸுக்கான சைகாபிஜி2 என்ற டிரைவரைப் பாருங்கள். புது வசதிகள் எல்லாம் அதன் அடுத்த தலைமுறைக்குத்தான் போகின்றன, ஆனாலும் பைத்தானில் புது வெர்ஷன் வரும்போது சைகாபிஜி2-வுக்கும் அதற்கேற்ற ரிலீஸ் வந்துவிடுகிறது. வயதானது, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். எஸ்கியூஎல் சர்வருக்கான பைஎம்எஸ்எஸ்கியூஎல் என்ற டிரைவர் இன்னொரு மாதிரி. 2019-ல் திட்டம் நிறுத்தப்பட்டது என்றே அறிவித்தார்கள், அடுத்த ஆண்டே வேறு கைகள் எடுத்து மறுபடி ரிலீஸ் வெளியிட்டன. ஆக, 'நிறுத்திவிட்டோம்' என்ற அறிவிப்பும் முடிந்த முடிவல்ல, அறிவிப்பு இல்லை என்பதும் உயிரோடிருப்பதற்கு அடையாளமல்ல.

டவுன்லோட் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை பில்ட் மெஷின் ஓடும்போதும் அது ஒன்று கூடும், பழைய பாடங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் மாணவர் ஒவ்வொருவரும் ஒன்றைக் கூட்டுவார்கள், உங்கள் நிறுவனமே வாரத்துக்குப் பத்து இருபதைக் கூட்டியிருக்கும். யார் விட்டுப் போனார்கள் என்பது அதைவிடப் பயனுள்ள கணக்கு. சீக்வலைஸ் என்ற பிரபலமான ஓஆர்எம் (கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நின்று க்வெரி எழுதிக் கொடுக்கும் லைப்ரரி) தன் நான்காம் வெர்ஷனிலேயே பழைய டிரைவரை விட்டு மைஎஸ்கியூஎல்2-க்குப் போய்விட்டது. இப்படிப் பெரிய சார்ந்திருப்பவர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனால், ஏன் போனார் என்று விசாரிக்க வேண்டும்.

ஆடிட்டில் பூஜ்யம் என்றால் பாதுகாப்பா?

கூட வேலை செய்யும் உங்கள் நண்பரின் வாதத்தில் இதுதான் கேட்க நியாயமாக இருக்கிறது, இதுதான் மிகத் தவறும்கூட. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு பேக்கேஜ் மீது சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொதுப் பதிவு எண்) வருவதற்கு யாராவது தேட வேண்டும், கண்டுபிடித்ததைப் பதிவு செய்ய வேண்டும். ஆடிட் கருவி அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது, கோடைப் படிப்பதில்லை. 2024 ஏப்ரலில் மைஎஸ்கியூஎல்2-வில் வந்தவை மோசமான ஓட்டைகள்தான், மறைக்க வேண்டியதில்லை. டேபிளின் வரிசைகளை வேகமாகப் படிப்பதற்காக அந்த டிரைவர் ஓடும்போதே கோட் உருவாக்கிக்கொள்கிறது, சில செட்டிங் மதிப்புகளைச் சரியாகச் சோதிக்காமல் அந்தக் கோடுக்குள் விட்டதால் வந்த சிக்கல் அது. 3.9.4-லும் 3.9.7-லும், அதே மாதத்துக்குள், அடைத்துவிட்டார்கள். ஓட்டை வந்தது, சொன்னார்கள், அடைத்தார்கள், அறிவித்தார்கள். பராமரிப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பழைய டிரைவரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. கிளையன்ட் மெஷினில் இருக்கும் ஃபைலைச் சர்வர் கேட்டு வாங்கிக்கொள்ளும் வசதி இயல்பாகவே திறந்திருக்கிறது என்று 2019-ல் அதன்மேல் ஒரு சிவிஇ பதிவானது, 2020 ஜனவரி ரிலீஸில் அதை மூடுவதற்கு ஒரு செட்டிங் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2022-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தை விளக்கி எழுதினார்கள். க்வெரியில் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியே கொடுத்தால் பாதுகாப்பு என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். இந்த டிரைவரில் அந்தக் கேள்விக்குறியைச் சர்வர் நிரப்புவதில்லை, டிரைவரே எழுத்தாக நிரப்பி அனுப்புகிறது. மதிப்பாக ஒரு ஆப்ஜெக்ட் (பெயரும் மதிப்பும் சேர்ந்த தொகுப்பு) வந்தால் அதைக் 'காலம் = மதிப்பு' என்று விரித்துவிடும் (காலம் என்பது இங்கே டேபிளின் நெடுவரிசை). லாகின் பக்கத்தில் பாஸ்வேர்ட் இருக்க வேண்டிய இடத்தில், பாஸ்வேர்ட் என்ற பெயரும் 1 என்ற மதிப்பும் கொண்ட ஒரு ஜேசன் ஆப்ஜெக்டை ஒருவர் அனுப்பினால் என்ன ஆகும்? 'பாஸ்வேர்ட் = பாஸ்வேர்ட் = 1' என்று க்வெரி அமையும். ஒரு காலம் தனக்குத்தானே சமம், அது 1, ஆகவே எப்போதும் உண்மை. பாஸ்வேர்ட் தெரியாமலே உள்ளே போகலாம். 'ஸ்ட்ரிஞ்சிஃபை ஆப்ஜெக்ட்ஸ்' என்ற செட்டிங்கை ஆன் செய்தால் இது அடைபடும், ஆனால் இயல்பில் அது ஆஃப். வசதி என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கும் நடத்தை இது, அதனால் உங்கள் ஆடிட் பூஜ்யம்தான் காட்டும்.

உங்கள் மென்பொருளில் நோயாளிகளின் பெயரும் மருந்துச் சீட்டும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். டிரைவரை எப்போது மாற்றினாலும் சரி, அந்த ஒரு செட்டிங்கை இந்த வாரமே ஆன் செய்யுங்கள். அதற்கு முன் 'செட் ?' என்று ஆப்ஜெக்டை அப்படியே கொடுத்து இன்சர்ட், அப்டேட் செய்யும் இடங்கள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அவை இதனால் உடையும். லாகின் பக்கத்தில், வரும் மதிப்பு எழுத்துதானா என்ற சோதனையை எப்படியும் போட்டுவிடுங்கள், அது எந்த டிரைவருக்கும் வேண்டியதுதான்.

நேட்டிவ் பாஸ்வேர்டை ஆன் செய்தது தப்பா?

தப்பில்லை, அது கடன். எப்போது திருப்பிக் கட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும். அந்த முறையை 8.0.34-ல் கைவிடப்போவதாக அறிவித்தார்கள், 8.4-ல் இயல்பாக ஆஃப் செய்தார்கள், 2024 ஜூலையில் வந்த 9.0-வில் எடுத்தே விட்டார்கள். 8.4-ல் இருக்கும்வரை உங்கள் நண்பர் போட்ட சுவிட்ச் வேலை செய்யும், அதைத் தாண்டினால் போடுவதற்குச் சுவிட்சே இல்லை. 8.4 நீண்டகால ஆதரவு கொண்ட வரிசை என்பதால் உங்களுக்குச் சில வருடங்கள் இருக்கின்றன. ஆகவே இன்று ராத்திரியே மாற்றாவிட்டால் கடை மூடிவிடும் என்று முதலாளியைப் பயமுறுத்த வேண்டாம், அது உண்மையில்லை, ஒருமுறை அப்படிச் சொல்லி எதுவும் நடக்காவிட்டால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை அவர் கேட்கமாட்டார்.

ஆனால் சுவிட்சை ஆன் செய்ததற்கு வேறொரு விலையும் உண்டு. பழைய முறை பாஸ்வேர்டை உப்பு (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் தனியாகச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காமல் ஷா1 என்ற ஹாஷ் முறையால் இரண்டு முறை அரைத்து வைத்துக்கொள்கிறது, புது முறை உப்பு சேர்த்து ஷா256-ஐப் பயன்படுத்துகிறது. யூசர் டேபிள் யார் கையிலாவது கிடைத்தால், பழையதை உடைப்பது எவ்வளவோ சுலபம். ஒரு டிரைவருக்காகச் சர்வரின் பாதுகாப்பை இறக்கி வைத்திருக்கிறோம் என்பதை எழுத்தில் பதிவு செய்து வையுங்கள்.

டிரைவரை விட்டுவிட்டு டேட்டாபேஸையே, மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபிக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே நேட்டிவ் பாஸ்வேர்ட் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் பழைய டிரைவர் ஓடும், உண்மைதான். ஏற்கெனவே மரியாடிபியில் இருப்பவராக நீங்கள் இருந்திருந்தால் அவசரமே இல்லை என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் டிரைவரை மாற்ற யோசித்துக்கொண்டு டேட்டாபேஸை மாற்றுவது, செருப்பு கடிக்கிறது என்று காலை வெட்டிக்கொள்வது மாதிரி.

அவர்களுக்குக் கடமை இல்லையா?

இல்லை. கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். எம்ஐடி என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வருவது அந்த டிரைவர். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கும் மென்பொருளில் சேர்க்கலாம், உரிம வாசகத்தை மட்டும் கூடவே வைத்திருக்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் எந்த உத்தரவாதமும் தரவில்லை, உள்ளது உள்ளபடி தருகிறோம் என்று அந்த ஒரு பக்க உரிமத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எத்தனையோ வருடம் தங்கள் சொந்த நேரத்தில் செய்து கொடுத்தார்கள், உங்கள் நிறுவனம் அதை வைத்து 2017 முதல் சம்பாதித்தது, அவர்களுக்கு ஒரு ரூபாய் போகவில்லை. வாழ்க்கை மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும், உடம்பு முடியாமல்கூட இருக்கலாம். நீங்கள் எழுதிய கமென்டை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். அதை எடுத்துவிடுங்கள், அல்லது 'எந்தச் சர்வர் வெர்ஷனில் எந்த எரர் வருகிறது' என்ற தகவலை மட்டும் வைத்துத் திருத்துங்கள். அடுத்து அதே சிக்கலோடு வருபவருக்கு அது உதவும்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு: நான் வழக்கறிஞர் இல்லை, ஒப்பந்தத்தை ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பொதுவாகச் சொல்ல முடிந்தது இது. கிளினிக் உங்களோடுதான் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, டிரைவர் எழுதியவரோடு இல்லை. இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாள்பவர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது, அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் டிரைவரில் ஓட்டை இருந்தது என்று சொல்லித் தப்பிக்கும் இடம் அதில் எனக்குத் தெரியவில்லை.

நாமே ஃபோர்க் செய்தால்?

உரிமம் தடுக்கவில்லை. ஆனால் மூன்று பேர் இருக்கும் இடத்தில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த லாகின் முறை ஒரு வரி வேலை இல்லை. சர்வரின் கேச்சில் யூசர் இருந்தால் ஒரு குறுக்கு வழி, இல்லாவிட்டால் முழு வழி; முழு வழியில் டிஎல்எஸ் (கனெக்‌ஷனையே மறையாக்கும் ஏற்பாடு) இருந்தால் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் சர்வரிடம் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்கச் சாவி வாங்கி அதில் பூட்டி அனுப்ப வேண்டும். நன்றாக எழுதிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், எழுதியவர் வேலையை விட்டுப் போனால் 2017-ன் கதை மறுபடி நடக்கும், இந்த முறை டிரைவருக்குள்ளேயே.

'புது லாகின் முறையோடு' என்று சொல்லிக்கொண்டு என்பிஎம்மில் யாரோ முகம் தெரியாதவர் போட்டிருக்கும் ஃபோர்க்கை எடுப்பது அதைவிட ஆபத்து. 2018-ல் ஈவன்ட் ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜை, அதில் ஆர்வம் போய்விட்ட ஆசிரியர் உதவ வந்த ஒருவரிடம் நல்லெண்ணத்தோடு ஒப்படைத்தார், வந்தவர் பிட்காயின் வாலட் திருடும் கோடைச் செருகினார். 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் கருவியின் விவகாரத்தில், களைத்துப்போன ஒரே பராமரிப்பாளருக்கு உதவுகிறேன் என்று இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாகக் கூடவே இருந்தவர்தான் பின்கதவு வைத்தார். உங்கள் பழைய டிரைவருக்கே நாளை திடீரென 2.19 வந்தால்கூட உடனே ஏற்றாதீர்கள், வெளியிட்டவர் யார், என்ன மாறியிருக்கிறது என்று படித்துவிட்டு ஏற்றுங்கள். இதே கேள்விகளை மைஎஸ்கியூஎல்2 மீதும் வருடத்துக்கு ஒருமுறை கேளுங்கள். அதுவும் தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்பதுதான்.

மாற்றும்போது எங்கே அடிபடும்

இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், பெயரை மாற்றினால் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கனெக்‌ஷன் கிடைக்கும், பக்கங்கள் திறக்கும், எல்லாம் சரி என்று தோன்றும். அடிபடுவது அதற்கப்புறம்.

உங்களுக்கு முதல் ஆபத்து டெசிமல் காலம். பழைய டிரைவர் அதை எண்ணாக மாற்றிக் கொடுத்தது, மைஎஸ்கியூஎல்2 இயல்பாக எழுத்தாகக் கொடுக்கும். 150.00-ஐயும் 50.00-ஐயும் கூட்டினால் 200 வராது, இரண்டும் ஒட்டி '150.0050.00' வரும். நான் ஒருமுறை ஒரு கடைக்கு இப்படி மாற்றிக் கொடுத்துவிட்டு, பில் தொகை சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். பில் தொகையை எஸ்கியூஎல்லே கூட்டிக்கொண்டிருந்தது, அதனால் சரியாக வந்தது. நாள் முடிவுக் கணக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் கூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். 'டெசிமல் நம்பர்ஸ்' என்ற செட்டிங்கை ஆன் செய்தால் பழையபடி எண்ணாக வரும், முதல் நாள் அப்படியே செய்யுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகக் கணக்கிடுவதற்கு மாறுங்கள்.

அடுத்தது ஜேசன் காலம். பழையது எழுத்தாகக் கொடுத்தது, நீங்கள் அதைப் பிரித்து ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டீர்கள் (பார்ஸ்). புதியது ஆப்ஜெக்டாகவே கொடுத்துவிடும், மறுபடி பார்ஸ் செய்தால் எரர். இது சத்தமாக உடையும் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம்.

மாறியபின் லாகின் போன்ற முக்கியமான இடங்களில் 'க்வெரி'க்குப் பதிலாக 'எக்ஸிக்யூட்' பயன்படுத்துங்கள், அதுதான் மதிப்புகளைச் சர்வருக்குத் தனியாக அனுப்பும் உண்மையான ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட். ஆனால் எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். 'இன்' க்வெரியில் பல மதிப்புகள் கொண்ட அரேயை அப்படியே கொடுப்பது எக்ஸிக்யூட்டில் விரியாது. அன்டிஃபைன்ட் (தரப்படாத) மதிப்பைப் பழைய டிரைவர் 'நல்', அதாவது வெற்று மதிப்பு என்று எடுத்துக்கொள்ளும், எக்ஸிக்யூட் எரர் கொடுக்கும். 8.0.22-க்குப் பிறகான சர்வர்களில் எக்ஸிக்யூட்டில் லிமிட்டுக்கு (எத்தனை வரிசைகள் வேண்டும் என்ற வரம்பு) எண்ணைக் கொடுத்தாலும் எரர் வருகிறது, எழுத்தாக மாற்றிக் கொடுத்தால் ஓடும்.

முதலாளியிடம் இரண்டு வாரம் கேளுங்கள். ஒரு வாரம் டெசிமலும் ஜேசனும் வரும் இடங்களைத் தேடித் திருத்துவதற்கு, ஒரு வாரம் ஸ்டேஜிங்கில் பழையதையும் புதியதையும் ஒரே டேட்டாவில் ஓட்டி நாள் கணக்கு, மாதக் கணக்கு, ஸ்டாக் ரிப்போர்ட் மூன்றையும் ஒப்பிடுவதற்கு. புது வசதி எதையும் அந்த இரண்டு வாரத்தில் சேர்க்காதீர்கள், உடைந்தால் எதனால் உடைந்தது என்று தெரியாமல் போகும்.

இப்போது அந்த ராத்திரி ரிப்போர்ட் ஸ்கிரிப்ட். அதுவும் அதே பழைய டிரைவரில், அநேகமாக அதே டேட்டாபேஸ் யூசரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பில்லிங் மென்பொருளை மாற்றி முடித்த உற்சாகத்தில் அந்த யூசரைப் புது லாகின் முறைக்கு மாற்றினீர்கள் என்றால், பகலில் எல்லாம் நன்றாக இருக்கும், ஸ்கிரிப்ட் ராத்திரி சத்தமில்லாமல் நின்றுபோகும். ஆகவே பழைய யூசரைத் தொடாதீர்கள். பில்லிங்குக்குப் புது முறையில் புது யூசர் ஒன்று, ஸ்கிரிப்டுக்கு அதை மாற்றும்போது இன்னொன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். பிறகு பழைய யூசரில் இன்னும் யார் கனெக்ட் ஆகிறார்கள் என்று சர்வர் தன் இயக்கத்தைப் பதிந்து வைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் ஒரு மாதம் பாருங்கள், மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். ஒருவரும் வராத மாதம் முடிந்ததும் அந்த யூசரை நீக்கிவிட்டு, நண்பர் போட்ட சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். சுவிட்சை ஆஃப் செய்ய சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும், அதனால் கடைகள் மூடியபின் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.